படத்தில் ஒரு முக்காலி

"அலோ... அலோ, நஷ்வான்? கேக்குதா?... நான்தான்டா, அண்ணன்... இல்ல, இல்ல, வீடியோ போடாதே. சிக்னல் தாங்காது. குரல் போதும்."

தன்னூன் முக்காலியை வாசல் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். எதிரே, குண்டு விழுந்து பாதி போன பள்ளிவாசலைச் சுற்றி அடித்திருந்த தகர வேலி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. போருக்குப் பின், ஈராக்கின் மோசூலில் அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். தம்பி ஸ்வீடனுக்குப் போகும்வரை இருவரும் தினம் இதே இடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இப்போதும் தட்டில் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பார். பக்கத்தில் இன்னொரு முக்காலியும் போடுவார். வழியில் போகிற யாராவது குடிக்கட்டும் என்று. பெரும்பாலும் அந்த வழியில் யாரும் போவதில்லை.

"ஷதா சுகமா?... புள்ளைங்க?... ஆமா, ஆமா, சாப்பிட்டேன். ரொட்டியும் தயிரும்... ஏன், அது சாப்பாடு இல்லையா?... சரி, விஷயத்துக்கு வரேன். நம்ம பள்ளிவாசலைத் திருப்பிக் கட்டுறதுக்குக் கட்டடப் படம் வரையச் சொல்லிப் போட்டி வெச்சாங்கல்ல... தெரியும்டா. நீ கலந்துக்கிட்டது எனக்குத் தெரியும்... யாரும் சொல்லல. உன் படமே சொல்லிருச்சு... இரு, இரு, முழுசா கேளு. நான் அந்த நடுவர் குழுவுல இருந்தேன்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"...எனக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா? நம்ம பேட்டை சார்பா இமாமைத்தான் போட்டிருந்தாங்க. அவர் படியில விழுந்து இடுப்பை ஒடிச்சிக்கிட்டார். போன வாரம் என்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க... ஆமா, ஆமா, படத்துல பேரு கிடையாது, வெறும் நம்பர்தான். வரைஞ்சது யாருன்னு அடையாளம் தெரிஞ்சா அந்தப் படத்தையே ஒதுக்கிடணுமாம். எல்லாரும் வாக்குக் குடுத்தோம்... நானும்தான்."

"...சுவர் பூரா படம்டா. என்னென்ன வரைஞ்சிருக்கானுங்க தெரியுமா? ஒண்ணுல, பள்ளி முற்றத்துல ஒரு அம்மா நாயைப் பிடிச்சிக்கிட்டு உலாத்துறா. இன்னொண்ணுல ஒருத்தன் அரை டவுசரோட பலூன் வெச்சிக்கிட்டு நிக்கிறான்... ஓ, அளவு தெரியறதுக்கா? ஆள் இவ்வளவு, கதவு இவ்வளவுன்னு... சரி, அப்போ நாய் எதுக்கு?... சிரிக்காதே. இமாம் பார்த்திருந்தா இடுப்பு மறுபடி ஒடிஞ்சிருக்கும்."

அவரும் சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அப்புறம் ஒரு படம். வாசல் வளைவு அப்படியே பழைய மாதிரி, நம்ம ஊரு சாம்பல் கல்லுலேயே. எதிர்ச் சுவரோரமா ஒரு குட்டி ஆளு. நகம் அளவுதான். முக்காலியில உட்கார்ந்திருக்கான். பக்கத்துல தட்டுல ரெண்டு டம்ளர். அதுக்கு அந்தாண்ட இன்னொரு முக்காலி. காலி."

பக்கத்து முக்காலியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஏன்டா அப்படி வரைஞ்ச?... கை தானா போச்சா... ம்... ம்... இல்ல, கோபமில்ல. வேற யாரு பார்த்தாலும் அது டீ குடிக்கிற ஒரு கிழவன். நான் பார்த்தா மட்டும்தான் நான்... சொல்லல. எந்த நம்பர்னு சொல்லியிருந்தா உன் படத்தைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. வாயை மூடிக்கிட்டு உனக்கே ஓட்டுப் போட்டிருக்கலாம், ஈ காக்காவுக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்ல... ஆமாடா, நீ ஜெயிச்சா இங்க வருவ, கட்டி முடிக்கிறவரைக்கும் என்கூட இருப்ப. எனக்குத் தோணாமலா இருக்கும்? அதுதான் பயம். எனக்குத் தம்பி வேணும்னு ஊர்ப் பள்ளிக்கு ஓட்டுப் போடக்கூடாதுல்ல. 'இதுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச கை, எதுன்னு கேக்காதீங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

"...இன்னிக்குக் காலையில முடிவு சொல்லிட்டாங்க... தம்பி, உன்னுது ரெண்டாவது... ஆமா. ரெண்டு பக்கமும் சரி பாதியா நின்னுச்சாம். கடைசியில குழுவோட தலைவியம்மா அந்தப் பக்கம் சொல்லிட்டாங்க... ஆமா. நான் உட்கார்ந்திருந்தா உனக்குத்தான். திட்டு. திட்டிக்க."

போனைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டார். வேலித் தகரம் காற்றில் ஆடி அடங்கியது.

"...முடிஞ்சுதா? இன்னும் இருக்கா?... சரி. ஜெயிச்சதும் நல்ல படம்தான்டா. பொம்பளைங்க தொழறதுக்கு முன்னாடி கைகால் கழுவி ஒளுச் செய்யிற இடத்துக்கு நிழல் வெச்சிருக்கான். நீ அதை மறந்துட்ட... ம். அதான்."

"இன்னொண்ணு கேளு. மத்தியானம் அந்தத் தலைவியம்மா இங்க வந்தாங்க, பெய்ரூட்டுக்காரங்க. முடிவு சொன்னப்புறம் பேரெல்லாம் பிரிச்சாங்கல்ல, நம்ம குடும்பப் பேரைப் பார்த்திருக்காங்க... இல்ல, விசாரிக்க வரல. தெருவுல நடந்து வந்தவங்க என்னைப் பார்த்ததும் நின்னுட்டாங்க. முக்காலி, தட்டு, ரெண்டு டம்ளர். உட்காரலாமான்னு கேட்டாங்க. உட்கார்ந்து உன் டீயைக் குடிச்சாங்க. ஆறிப்போச்சு, வேற போடறேன்னேன். வேண்டாம்னுட்டாங்க. போட்டியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கிளம்பும்போது உன் படத்தைச் சுருட்டிக் கையில குடுத்துட்டு, 'எனக்கும் ஒரு அண்ணன் கனடாவுல இருக்கார். இன்னிக்குப் பேசப்போறேன்'னாங்க... அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் எனக்கே உன்னைக் கூப்பிடத் தைரியம் வந்துச்சு."

"...அழறியா? ஷதா பக்கத்துல இருக்காளா? தண்ணி குடி... என்னது? இனிமே எந்த முகத்தை வெச்சிக்கிட்டு வர்றதா? ஏன்டா, பிறந்த தெருவுக்கு வர்றதுக்குப் பரிசு வாங்கிட்டுத்தான் வரணுமா?... வேலை இல்லாட்டி என்ன, டீ குடிக்க வா... நஷ்வான், கேக்குதா? டீ குடிக்க வான்னேன்... அலோ... அலோ..."

தெருவில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரம் அது. லைன் அறுந்திருந்தது. கடைசியாகச் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தன்னூனுக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்திப் பார்த்தார். கிடைக்கவில்லை.

போனை மடியில் வைத்துக்கொண்டு தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அடுத்ததன் மேல், சூடு போகாதபடி, சாசரைக் கவிழ்த்து மூடினார்.