நாற்பத்து மூன்று பேருக்காக ஒரு சிக்னல் லைட்

— நாப்பத்து மூண்டு பேரோ? உனக்கென்ன விசரே, ஜெராட்?

— கேளுங்கோவன் அக்கா. நான் பொய் சொல்லேல்லை. உன்ர குடும்பத்தில எத்தினை பேர் எண்டு, நான் வேலை செய்யிற ஊர் மேயரம்மா கேட்டவ. எண்ணிப் பாத்துச் சொன்னனான்.

— மடு மாதாவே! கலியாணமே கட்டாத பெடியன் நீ. ஒண்டு எண்டு சொல்லிப்போட்டு இருந்திருக்க வேணும்.

— அப்ப நீங்கள் ஆர்? அன்டன் அத்தான் ஆர்? உங்கட பிள்ளையள் ஆர்?

— சரி, எங்களையும் சேர்.

— உங்களைச் சேர்த்தால் சின்னம்மா வீட்டை விடலாமோ? லாவாலில இருக்கிற மாமா வீட்டை விடலாமோ? அவற்ர மகன் வினோஜன்ர மாமியார் எத்தினை வருஷமா எங்களோட நத்தாருக்குச் சாப்பிடுறா?

— அந்த மனிசியையும் எண்ணினனியோ!

— விட்டால் கோவிப்பா, அக்கா.

— அட விசரா, வெள்ளைக்காரருக்குக் குடும்பம் எண்டால் மனிசி, பிள்ளை, ஒரு நாய். அதோட சரி.

— அது எனக்குப் பேந்துதான் விளங்கினது. அதுக்குள்ள சிக்னல் லைட் போட்டிட்டினம்.

— என்ன லைட்?

— கேளுங்கோவன். டன்வேலில இவ்வளவு காலமும் சிக்னல் லைட் இல்லை. சஸ்காச்சுவானில கண்ணுக்கு எட்டின தூரத்துக்குக் கோதுமை வயல், அதுக்கு நடுவில நூறு சொச்சம் சனம். ஒரு பெற்றோல் செட், நான் சமைக்கிற மோட்டல், ஒரு ஹொக்கி மண்டபம், முடிஞ்சுது ஊர். நாங்கள் எல்லாரும் அங்க குடிவந்தால் ரெண்டு கார் எதிரெதிரா வரும் எண்டு சந்தியில லைட் பூட்டி, ரிப்பன் வெட்டினவை. இப்ப பின்னேரத்தில சனம் கதிரை போட்டு இருந்து அது சிவப்பாகிறதைப் பாக்குது.

— நீ வாயைத் திறக்கேல்லை.

— கை தட்டினனான். எல்லாரும் தட்டேக்க நான் மட்டும் எப்பிடிச் சும்மா நிக்கிறது?

— பேய்ப் பெடியன். பேந்து?

— ஹொக்கி மண்டபத்து வாசலில எங்களுக்கெண்டு ஒரு தென்னம்பிள்ளை வைச்சிருக்கினம். பக்கத்தில ஹீட்டர். அது நிண்டு போகாமல் பாக்கிறதுக்கு முறை போட்டு ஆள் காவல்.

— அந்தக் குளிரிலயோ? உயிரோட நிக்குதே?

— புதுசா ஒரு ஓலை விட்டிருக்கு. அதுக்கும் கை தட்டினவை. அங்க ஒரு கிழவன் இருக்கிறார், கிறிஸ்மஸ் தாண்டாது எண்டு டொக்டர் கைவிட்ட ஆள். இலங்கை ஆக்களைப் பாத்திட்டுத்தான் சாவன் எண்டு சொல்லி எழும்பி இருந்திட்டார். இப்ப சைக்கிள் ஓடுறார், அக்கா.

— வாறம் எண்டு நீ சொன்னனியோ அவைக்கு?

— சத்தியமா இல்லை. வருவினமோ எண்டு மேயரம்மா கேட்டா. பாப்பம் எண்டனான்.

— பாப்பம் எண்டால் இல்லை எண்டுதானேடா!

— அது எங்களுக்கு. முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லலாமோ? அந்த மனிசி அதைக் கேட்டிட்டு ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்திட்டா.

— பள்ளிக்கூடத்தையோ?

— பிள்ளையள் காணாது எண்டு பூட்டிக் கிடந்தது. இப்ப பெயின்ற் அடிச்சு, ஒரு ரீச்சரும் வந்திட்டா. வாற சனிக்கிழமை ஊர்க் கொண்டாட்டம். அண்டைக்கு நாங்கள் போய் இறங்க வேணும். இல்லாட்டில் பள்ளிக்கூடம் திரும்பவும் பூட்டு. அங்க இருக்கிற நண்டு சிண்டு எல்லாம் பழையபடி விடிய இருட்டோட பஸ் ஏற வேணும். புதுப் பள்ளிக்கூடம் எண்டு புத்தகப்பையைக் கொழுவிக்கொண்டு இப்பவே திரியுதுகள். அதுகளின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?

— உள்ளதைச் சொல்லிப்போடு. தெரியாமச் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு.

— என்னால ஏலாது.

— ஏன் ஏலாது?

— இந்த மொன்றியலில பதினொரு வருஷம் இருந்தன், அக்கா. டோர்வல் எயார்போட்டில பிளேன் கூட்டினன். இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷனில நிலத்துக்குக் கீழ அறையில படுத்து எழும்பினன். உனக்கு ஆக்கள் இருக்கினமோ எண்டு ஒரு சீவன் கேக்கேல்லை. அந்த மனிசி கோப்பி குடிச்சுக்கொண்டு சும்மா கேட்டா. கேட்ட சந்தோசத்தில ஒருத்தரையும் விட எனக்கு மனம் வரேல்லை.

— ம். தேத்தண்ணி ஆறுது. குடி.

— வாறியளோ?

— நான் எப்பிடியடா வாறது? பிள்ளை பராமரிக்கிற கார்டறியில அத்தினை பிள்ளையளுக்கும் ஆர் சமைக்கிறது? உன்ர அத்தானுக்கு வேலை விட்டு வந்தால் கட்டிலைத் தவிர வேற ஒண்டும் தெரியாது. மகள் அஜிதா பிரெஞ்சை விட்டு வேற பாஷை கதைக்கமாட்டாள்... பொறு, பொறு. சின்னம்மா வீடு, மாமா வீடு, அந்த மாமியார் எல்லாத்தையும் கூட்டினாலும் இருபத்தைஞ்சு தாண்டாதே. மிச்சம் எங்கால?

— தேத்தண்ணிக்குச் சீனி காணாது, அக்கா.

— ஜெராட். அந்தப் பியர்பொன்ட்ஸில இருக்கிற வீட்டையும் எண்ணினனியோ?

— பெரியப்பான்ர மகன்தானே. எங்கட அருமைராசா அண்ணை.

— அந்த மனிசன்ர பேரை இந்த வீட்டில எடுக்கக்கூடாது எண்டு சொன்னனானோ இல்லையோ?

— ஒம்பது வருஷமாப் போச்சு.

— போகட்டும். தன்ர மகள் றொசானான்ர கலியாணத்துக்கு வீட்டை வந்து சொன்னவரோ? புருசன் பெண்சாதியா வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சு, கார்ட்டைக் கையில தந்தெல்லோ சொல்ல வேணும்? கீழ தெருவில நிண்டு, இமெல்டா, எங்கட பிள்ளைக்குக் கலியாணம், எல்லாரும் வாங்கோ எண்டு கத்தினவர். மீன்காரன் மாதிரி! பக்கத்து வீட்டுக் கிரேக்கத்தி யன்னலால எட்டிப் பாத்துத் தன்னைத்தான் கூப்பிடுறார் எண்டு தலையாட்டினவ.

— அண்டைக்குப் படியெல்லாம் ஐஸ். இந்த வளைஞ்ச கம்பிப் படியில ஐஸோட ஆர் ஏறுறது?

— மனம் இருந்தால் தவழ்ந்தும் வரலாம்.

— அந்தக் கிரேக்கத்தி கலியாணத்துக்குப் போனவதானே?

— போய் முன் வரிசையில இருந்து படம் எடுத்தவ. கொண்டுவந்து எனக்குக் காட்டினவ! அண்டைக்கு நான் அழுத அழுகை மாதாவுக்குத்தான் தெரியும்.

— காலமை அண்ணையிட்டயும் போனனான்.

— நான் கேட்டனானோ?

— இல்லை.

— என்னவாம்?

— பாப்பம் எண்டார்.

— கண்டியோ. வரமாட்டார். நல்லது. அவர் வந்தால் நான் வரமாட்டன். அவர் வராட்டிலும் நான் வரமாட்டன்.

— பொறுங்கோ அக்கா, மேயரம்மா வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறா. கேட்டிட்டுச் சொல்லுறன்... ஐயோ.

— என்ன, தென்னை பட்டுப்போச்சோ?

— ரெண்டாவது சிக்னல் லைட்டுக்குச் சொல்லிப்போட்டாவாம்.

— என்னத்துக்கு?

— இன்னொரு இலங்கைக் குடும்பமும் வருகுதாம். அதுவும் எங்களைப்போலப் பெரிய குடும்பமாம். மத்தியானம் ஒருத்தர் போன் எடுத்து விசாரிச்சவராம். அருமையோ என்னவோ எண்டு பேர் சொல்லுறா.

— பாப்பம் எண்ட மனிசனோ?

— எத்தினை பேர் எண்டு அவரையும் கேட்டிருக்கிறா. அவரும் எண்ணியிருக்கிறார். மாமா வீடு, சின்னம்மா வீடு... அக்கா, இது அதே ஆக்கள்! அந்த மனிசி எங்களை ரெண்டு தரம் எண்ணி வைச்சிருக்கிறா!

— வினோஜன்ர மாமியாரையுமோ?

— அவவையும்.

— நாசமாப் போச்சு. இனி எல்லாரும் ரெண்டு ரெண்டாப் போய் இறங்க வேணும். என்னை எண்ணியிருக்கமாட்டார். அது மட்டும் எனக்கு வடிவாத் தெரியும்.

— மிச்சத்தையும் கேளுங்கோவன். முதல்முதல் தன்ர தங்கச்சிக்குத்தான் வீடு பாக்கச் சொன்னவராம்.

— அவருக்கேது தங்கச்சி? பெரியப்பாவுக்கு நாலும் ஆம்பிளைப் பிள்ளையள்.

— தங்கச்சிக்கு முழங்கால் ஏலாதாம். ஒரு படியும் இல்லாத வீடு வேணுமாம்.

— ஜெராட்...

— தன்ர வீட்டுக்குப் பக்கத்தில வேண்டாமாம். வாய்க்காரியாம், நெடுகச் சண்டை வருமாம்.

— ஆர் வாய்க்காரி?

— ஆனா தூரத்திலயும் வேண்டாமாம். அவ மீன் குழம்பு வைச்சால் மணம் தன்ர யன்னலுக்கு வர வேணுமாம். ஒம்பது வருஷமா அந்தக் குழம்பில்லாமச் சோறு இறங்குதில்லையாம்... அக்கா? அழுறியளோ?

— நான் ஏன் அழுறன்? உந்த ஊரில காத்து எந்தப் பக்கத்தால அடிக்கிறது?