முதலில் பறக்கத் தெரியாதவன்

கிள்ளானிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் கைத்தடி இருந்தது.

“அவனுக்கு மொதல்ல பறக்கவே தெரியாதாம்,” என்றார் கணவர்.

“யாருக்கு?”

“அதான், முதுகுல துணி கட்டிட்டுப் பறப்பானே, காமிக்ஸ் ஹீரோ. அவன் எப்படி உருவானான்னு நேத்து டிவியில போட்டாங்க. ஆரம்பத்துல தாவ மட்டுந்தான் செஞ்சானாம். அப்புறமாத்தான் பறக்க விட்டிருக்காங்க.”

“அதுக்கு?”

“கட்டுப் பிரிச்சு மூணு வாரமாச்சு. நீ இன்னும் கால் ஊன மாட்டேங்கிற.”

“பயமா இருக்குங்க. மறுபடி ஒடஞ்சிருச்சுன்னா?”

“எலும்பு சேர்ந்திருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு லா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் பஸ் நின்றது. கணவர் முதலில் இறங்கி, அவளைத் தூக்கி இறக்கக் கைகளை நீட்டினார். அவள் கைத்தடியை அவரிடம் கொடுத்தாள்.

“தள்ளி நில்லுங்க. நானே வரேன்.”

கம்பியைப் பிடித்தபடி அடிபட்ட காலைத் தரையில் ஊன்றினாள். முகம் சுளித்தாள். பிறகு மறு காலையும் இறக்கினாள். டிரைவர் அவசரப்படுத்தவில்லை. கணவர் நீட்டிய கைகளை மடக்க மறந்து, கைத்தடியோடு பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவள் அவரை நோக்கி நடந்தாள்.