இரண்டாவது கேன்

டீயைக் கலக்கிக் குடியுங்கள், அண்ணாச்சி. சர்க்கரை அடியில் தங்கியிருக்கும். எடை கூடியது அடியில் நிற்கும், குறைந்தது மேலே மிதக்கும். சனிக்கிழமை படகு ஏன் பாதியில் நின்றது என்று கேட்டீர்களே, அதற்குப் பாதி விடை அந்த டம்ளரிலேயே இருக்கிறது. மீதியை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகக் கேட்டால் யார் மீதும் கோபம் வராது.

தாராவியில் என் பட்டறையில் படகு என்ஜின் மட்டும்தான் பார்ப்பேன். பூநாரைகள் வந்து இறங்கியதும் செம்பூருக்குக் கிழக்கே, கடல் உள்ளே புகுந்து கிடக்கும் க்ரீக்கில், பறவை காட்டும் படகுச் சவாரி தொடங்கிவிடும். எனக்கும் என் மைத்துனன் சுயம்புவுக்கும் கூட்டாக அங்கே ஒரு படகு உண்டு. என்ஜின் என் பொறுப்பு, ஓட்டுவது அவன்.

இந்தக் கார்த்திகையில் பறவைகள் வந்தன, பெட்ரோல் வரவில்லை. டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம். எங்கள் படகுத் துறையில் நின்றால் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். காற்று திரும்பினால் வாசனைகூட வரும். ஆனால் பங்க்குகளில் கயிறு கட்டியிருந்தது. மற்ற படகுக்காரர்கள் படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து சீட்டாடினார்கள். எங்களிடம் மட்டும் முன்கூட்டியே வாங்கிவைத்த இரண்டு கேன் பெட்ரோல் இருந்தது. சுயம்பு அதற்குச் சூடம் காட்டாத குறை.

அந்த நேரத்தில்தான் உங்கள் மகன் ரமேஷ்குமாருக்கு என் மகள் பொன்செல்வியைக் கேட்டு நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். மாட்டுங்காவில் பாத்திரக் கடை, நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பம். என் மனைவி ஆறுமுகத்தாய் அன்றே கேசரிக்கு முந்திரி வாங்கிவிட்டாள். பொன்செல்வி போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மறந்துவிட்டாள்.

உங்கள் வீட்டு அம்மாவுக்குப் பூநாரை பார்க்க ஆசை என்று கேள்விப்பட்டேன். முதலில் அம்மாவும் மகனும் படகில் போய்ப் பறவை பார்க்கட்டும், பிறகு வீட்டுக்கு வந்து பெண் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தது நான்தான். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள்.

இங்கே என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படகு என்ஜினுக்குப் பெட்ரோல் டப்பா தனியாக இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பல்பு. அதை அமுக்க அமுக்கப் பெட்ரோல் என்ஜினுக்கு ஏறும். குழாய் டப்பாவின் அடியிலிருந்துதான் உறிஞ்சும். இதை மனதில் வையுங்கள்.

இதை முதன்முதலில் பொன்செல்விக்குச் சொன்னபோது அவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயது. "ஏன்ப்பா அடியிலேருந்து? மேலேருந்து உறிஞ்சுனா என்னவாம்?" என்று கேட்டாள். அண்ணாச்சி, என் பேச்சுக்கு நடுவில் அதுவரை யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. கார்பரேட்டர் என்ற சொல் காதில் விழுந்தாலே ஆறுமுகத்தாய் தூங்கிவிடுவாள். தூக்கம் வராத பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அவள் மேல் பொறாமை. சுயம்பு இயர்போனைச் செருகிக்கொள்வான், அதில் பாட்டு ஓடாது. பொன்செல்வி மட்டும் ஆபீஸ் விட்டு வந்ததும் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னைக்கு எதைப் பிரிச்சிய?" என்பாள். அந்த ஸ்டூல் மாட்டுங்காவுக்குப் போய்விட்டால் பட்டறையில் இருப்பது வெறும் இரும்பு.

ஆனால் நான் செய்தது எனக்காக இல்லை. அவளுடைய அறிவு பாத்திரக் கடையில் வீணாகுமே என்ற கவலைதான்.

அடுத்தது கடல். க்ரீக்கில் தண்ணீர் ஏறும், இறங்கும். இறங்கினால் நடுவில் சேறு மட்டும்தான் மிஞ்சும், பறவைகள் அதில்தான் மேயும். சனிக்கிழமை எட்டரைக்குக் கிளம்பியிருந்தால் தண்ணீர் இருக்கும்போதே போய்த் திரும்பியிருக்கலாம். நான் உங்கள் ஆட்களை ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். அது உங்கள் வீட்டு அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

வந்து சேர்ந்ததும் சுயம்பு பதறினான். "அத்தான், தண்ணி இறங்க ஆரம்பிச்சிட்டு. ஜல்தி ஏறச் சொல்லுங்க."

"ராகு காலத்துல நல்ல காரியத்துக்குப் படகேறச் சொல்லுதியா தம்பி?" என்றார்கள் உங்கள் வீட்டு அம்மா.

"கடலுக்கு ஏதுக்கா ராகு காலம்?"

"கடலுக்கு இல்ல. எம் மவனுக்கு உண்டு."

"அரே அம்மா, சலோ நா, போலாம்," என்றார் உங்கள் மகன். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் போய் ஒரு கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெரியவர்களின் நம்பிக்கையில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

பத்தரைக்கு ஏறினார்கள். என் திட்டத்தில் ஒரே ஒரு பிசகு. வரவேற்பதற்காகத் துறையில் நின்ற பொன்செல்வியை உங்கள் வீட்டு அம்மா கூப்பிட்டுவிட்டார்கள். எடை கூடும் என்று சொல்லிப் பார்த்தேன். "பொண்ணு பார்க்க வந்துட்டு நாரைய மட்டும் பார்த்துட்டா போவாக? நீ ஏறு மக்கா," என்றார்கள். ஏறிவிட்டாள். புதுச் சேலை.

இப்போது கேன்கள். முதல் கேனில் போவதற்கு மட்டும் பெட்ரோல் விட்டிருந்தேன். இரண்டாவது கேனில் இருந்தது குழாய்த் தண்ணீர். அதன் மேல் மெதுவாக, கரண்டியின் பின்புறத்தில் வழியவிட்டு, ஒரு டம்ளர் பெட்ரோல். மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனைதான் வரும், ஏனென்றால் மேலே மிதப்பது அதுதான். டப்பாவில் ஊற்றினால் தண்ணீர் அடிக்குப் போகும். குழாய் எங்கிருந்து உறிஞ்சும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

மீதிப் பெட்ரோல் வீணாகவில்லை. என் ஸ்கூட்டரில் இருக்கிறது.

பறவைகளுக்கு நடுவில் என்ஜின் நின்றது. சுயம்பு இரண்டாவது கேனை டப்பாவில் ஊற்றி, என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். கை சோரும்வரை இழுத்தான். அதற்குள் தண்ணீர் போய்விட்டது. பயப்படும்படி ஒன்றுமில்லை, அண்ணாச்சி. சேற்றில் உட்கார்ந்த படகு மூழ்காது. அதைவிடப் பத்திரமான படகு உலகத்தில் கிடையாது. உங்கள் வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று முன்பே விசாரித்து, சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்திருந்தேன். கல்நெஞ்சக்காரன் பிஸ்கட் வைப்பானா?

சுயம்பு போன் செய்தான். "அத்தான், பெட்ரோல் கொண்டாங்க. மாப்ள வீட்டு அக்கா அழுதாங்க."

"கியூவுல நிக்கேன் மாப்ள. இன்னும் நூறு வண்டி இருக்கு," என்றேன்.

"பின்னால யாரோ 'கட்டிங் சாய்'னு கூவுதானே?"

"கியூவுலயும் சாய் விக்கான்," என்றேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் சகுனமே சேறு. நேராக மாட்டுங்காவுக்குப் போய், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பதுதான் என் கணிப்பு. கணிப்பில் தவறில்லை. பொன்செல்வி அந்தப் படகில் இருந்ததுதான் தவறு.

நடந்ததைச் சுயம்பு சொன்னான். அவள் பெட்ரோல் டப்பாவைக் கழற்றி ஆட்டிப் பார்த்தாளாம். காலித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தாளாம். நடுவில் ஒரு கோடு. மேலே பெட்ரோல், கீழே தண்ணீர். பாட்டிலை மூடிக் கீழே வைத்துவிட்டு, "வித்தவன் ஏமாத்திட்டான்," என்றாளாம். அப்போது உங்கள் மகன் கேட்டிருக்கிறார்: "கலந்துதான ஊத்துனாங்க? அப்புறம் ஏன் பிரிஞ்சு நிக்குது?"

அண்ணாச்சி, அந்த 'ஏன்' எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே தொடங்கியவள், தண்ணீர் ஏறி, சுயம்பு துடுப்புப் போட்டு, படகு துறைக்கு வரும்வரை நிறுத்தவில்லையாம். சந்திரன் எப்படிக் கடலை இழுக்கிறது, பூநாரை ஏன் அலகைத் தலைகீழாக வைத்து மேய்கிறது, எல்லாம். உங்கள் மகன் காதில் இயர்போன் இல்லை. சுயம்பு சாட்சி. இறங்கும்போது உங்கள் வீட்டு அம்மாவின் பட்டுச்சேலை முழங்கால்வரை சேறு. பொன்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், இறங்கிய பிறகும் விடவில்லை.

அவர்கள் முன்னால் போனதும் பொன்செல்வி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பா, மேல எவ்வளவு ஊத்துனிய?"

"ஒரு டம்ளர்."

"அரை டம்ளரே போதும்," என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஸ்டூலில் உட்காரவில்லை. நேற்று அவள் வரும் நேரம் பார்த்து நல்ல கார்பரேட்டர் ஒன்றைப் பிரித்துப் பரப்பி வைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை, தாண்டிப் போய்விட்டாள். மறுபடி பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. எனக்கு எப்போதும் மிஞ்சியதில்லை.

இன்று நீங்கள் பூவும் பழமுமாக வந்திருக்கிறீர்கள். நாள் குறிப்பதற்கு முன்னால், "எல்லாம் சரி, படகு ஏன் நின்னுது?" என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். வேலைநிறுத்தம் என்று சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பீர்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன். உங்கள் மனைவியையும் மகனையும் தெரிந்தே சேற்றில் நிறுத்தியவன் நான். இப்படிப்பட்டவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனால் நான் வருத்தப்பட மாட்டேன். அதை எதிர்பார்த்துத்தான் சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை. இவ்வளவு நேரமும் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. இப்போது வாயைத் திறக்கிறீர்கள். திட்டப்போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த ரப்பர் பல்பு இருக்குல்லா, அதை அமுக்குனா பெட்ரோல் ரெண்டு பக்கமும்தான போவணும்? ஏன் என்ஜின் பக்கம் மட்டும் போவுது?"

அண்ணாச்சி, டீயை வைத்துவிட்டு இப்படிப் பட்டறைப் பக்கம் வந்து அந்த ஸ்டூலில் உட்காருங்கள். அதற்குள் சின்னதாக ஒரு வால்வு இருக்கிறது, பிரித்தே காட்டுகிறேன். வீட்டுக்குத் திரும்ப டாக்சி தேட வேண்டாம், நானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறேன். டேங்க் நிறைய இருக்கிறது, வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம். கல்யாணத்தைத் தையிலேயே வைத்துக்கொள்ளலாம், சம்பந்தி வீட்டுக்கு அடிக்கடி வர எனக்கும் ஒரு காரணம் வேண்டுமே. மகள் நல்ல இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே என் ஆசை. அதற்காகத்தானே அந்தப் படகையே ஏற்பாடு செய்தேன்.