படகுக் கொட்டகை அத்தியாயம்

ஹோல்கர் வாலின் குடும்பத்தார் என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை, இன்ஸ்பெக்டர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே, கடலோர விரிகுடா ஒன்றின் கரையில் அவர்கள் வீடு. அவர்களுடைய மகள் தீராவுக்குப் பாடம் சொல்லித்தர, படிப்பு முடித்த கையோடு அங்கே போய்த் தங்கினேன். எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் திருமதி வாலின் கதவருகே வந்து நிற்பார்.

"இன்னைக்கு மேசை கொஞ்சம் நெருக்கடி, மிஸ். நீங்க சமையலறையிலயே சாப்பிட்டுக்கிறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மேசையில் ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம்.

மூன்று வருடம் கழித்து வேலையை விட்டேன். அந்த வீட்டு வாழ்க்கையை நாவலாக எழுதினேன். பேர்களை மட்டும் மாற்றியிருந்தேன். அதில் ஒரு வங்கி முதலாளி, பொய் சொன்னாள் என்று தன் பத்து வயது மகளை ஜனவரிக் குளிரில் படகுக் கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறார். வாசகர்கள் அழுததாக எழுதினார்கள். அந்த அத்தியாயத்தை வானொலியில் வாசித்தார்கள். யாரைச் சொல்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹோல்கர் வாலின் வங்கியை விட்டு விலக வேண்டியதாயிற்று. மனைவியும் மகளை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல நாவல் யாரையாவது காயப்படுத்தத்தான் செய்யும்.

புத்தகப் பணத்தில், அதே விரிகுடாவின் எதிர்க்கரையில் ஒரு சிறிய வீடு வாங்கினேன். போன பிப்ரவரியில் தீரா அங்கே வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். விடுமுறைக்கு அப்பாவிடம் வந்திருப்பதாகச் சொன்னாள். காபியைத் தொடவில்லை.

"அப்பா எப்ப மிஸ் என்னைப் பூட்டினாரு?"

"நாவல்னா அப்படித்தான் தீரா. கொஞ்சம் மாத்தி எழுதறதுதான்."

"பூட்டினது நீங்க."

உண்மைதான். விருந்தினர் முன்னால் என் பிரெஞ்சு உச்சரிப்பைப் பேசிக்காட்டிச் சிரிக்க வைத்தாள். மறுநாள் பூட்டினேன். திறந்தபோது அவள் விரல்கள் வெளுத்திருந்தன. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளாகவே சொன்னாள். நல்ல குழந்தை.

"அப்பா இப்ப கடைக்குக்கூடப் போறதில்ல, மிஸ். நான் சொல்லாம இருந்ததாலதானே. இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டு, நாளைக்குப் பத்திரிகைக்காரங்ககிட்டயும் சொல்லப் போறேன்."

"சொல்லு. அதுதான் சரி," என்றேன். "இருட்டப் போகுது. ரோடு சுத்து வழி. விரிகுடாதான் உறைஞ்சு கிடக்கே, அது மேல நேரா நடந்து போயிடு. காலைல நான் அப்படித்தான் போய்ட்டு வந்தேன், பனி நல்லா இறுகியிருக்கு."

காலையில் நான் வீட்டைவிட்டே வெளியே போகவில்லை. என் கரையோரம் ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனி எப்போதும் மெல்லியது. ஆனால் தீரா சின்ன வயதிலிருந்து நான் சொன்னதைச் சந்தேகப்பட்டதில்லை.

கரைவரை கூடவே போனேன். அவள் சிறிது தூரம் நடந்ததும் பனி உடைந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். படகுத்துறையில் நீளமான ஏணி சாய்ந்திருந்தது, கயிறும் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கை நழுவிய பிறகு உள்ளே போய்க் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். அப்புறம் உங்களுக்கு ஃபோன் செய்தேன். எவ்வளவு தடுத்தும் கேட்காமல் போய்விட்டாள் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். என் புத்தகத்தை நீங்களும் படித்திருந்தீர்கள்.

எதிர்க்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், நான் அசையாமல் நின்றதைப் பார்த்ததாக இப்போது சொல்கிறார் என்கிறீர்கள். அவர் சொல்வது சரி. ஆனால் அவ்வளவு தூரத்தில் அவருக்குக் குரல் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை, அப்பாவையும் கூப்பிடவில்லை. "மிஸ், மிஸ்" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவளிடம் உண்மையான பிரியம் வைத்திருந்தது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?