கை பட்டால் போகும்

எனக்கு உரக்கப் பேச வராது. என் வேலைக்கு அது தோதாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் வலியால் அவதிப்படுகிறவர்களுக்கு ஹிப்னாடிசம் செய்பவள் நான். காயம் உடம்பில் இருந்தாலும் அதை வலியாக்குவது மூளைதான். இதமாகப் பேசி அதன் கவனத்தைத் திருப்பிவிட்டால் வலி அடங்கிவிடும். தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதுகூட என் பேச்சைக் கேட்டபடி அசையாமல் கிடந்தவர்கள் உண்டு.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டியது. வேலை முடிந்து வந்ததும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, இடுப்பில் கை வைத்துப் பேசுவேன். சற்று நேரத்தில் முகம் தெளிந்துவிடும்.

"உன் கையில என்னடி வச்சிருக்கே?" என்பார்.

எனக்கென்று வேறு யாரும் இல்லை. அந்த மாலைகள் நிறைவாக இருந்தன.

எலும்பு கூடிவிட்டது. அம்மா நடந்தார், சமைத்தார், பக்கத்து வீட்டம்மாவோடு வாயடித்தார். வெளியூரில் அண்ணனுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்ததும், "இனிமே நான் அங்கயே இருந்துக்கறேன். உனக்கும் பாரம் குறையும்" என்றார்.

"நீங்க எனக்குப் பாரமா?"

"அதில்லடி. பேரனைப் பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

அம்மாவின் மனதில் அதை எப்போது விதைத்தேன் என்று கேட்பீர்கள். அன்றைக்குத்தான். அம்மா கேட்காமலே கை வைத்தேன். கண் சொருகியதும், இந்த வீட்டை விட்டுப் போனால் வலி திரும்பி வரும், முன்னைவிட அதிகமாக வரும், என் கை பட்டால்தான் போகும் என்று சொன்னேன். வழக்கமான குரலில்தான் சொன்னேன். சொன்னதை மறந்துவிடும்படியும் சொன்னேன்.

அண்ணன் வீட்டுக்குப் போன அன்றே அம்மா படுத்துவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சோம்பி நடிக்கிறார் என்று அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம். பேரனை மடியில் போட்டுக்கொள்ளக்கூட அம்மாவால் முடியவில்லை.

அண்ணன் போன் செய்தான். "அம்மா துடிக்கறாங்க, பாப்பா. நீ கொஞ்சம் பேசு." அம்மாவின் காதில் வைத்தான்.

"ஏதாவது சொல்லேம்மா" என்றார் அம்மா. என்னை அப்படிக் கெஞ்சி அவர் பேசியதே இல்லை.

போனிலேயே வலியை எடுத்திருக்கலாம். மற்றவர்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். "வீட்டுக்கு வாங்கம்மா, சரியாயிடும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காரில் அழைத்து வருவதாக அண்ணன் சொன்னான். அதற்குள் அம்மா, அண்ணன் வீட்டிலிருந்த வலி மாத்திரைகள் அத்தனையையும் விழுங்கிவிட்டார். சாவதற்காக இருக்காது. வலி போனால் போதுமென்று நினைத்திருப்பார்.

சாவு வீட்டில், தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான்தான் அவனைத் தேற்றினேன்.

"அம்மாவால என்னை விட்டுட்டு இருக்க முடியாதுண்ணா. நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லையே.