நானூறு பேர் உட்காருகிற ஹால்

— கயித்தை இன்னொரு சுத்து சுத்தும்மா. பெட்டி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

— புக்கை எல்லாம் வேற பையில போட்டுடலாம்ப்பா. அதுதான் இந்தக் கனம் கனக்குது.

— இருக்கட்டும். மூணு மாடி இறக்கணும், அவ்வளவுதானே. உங்க ஹாஸ்டல் லிஃப்ட்டை நம்பி ஏறக் கூடாது. வரும்போதே பார்த்தேன், கதவை மூடுறதுக்கே அது அவ்வளவு யோசிக்குது. யாரு இதை சர்வீஸ் பண்றான்?

— எங்க போனாலும் உங்களுக்கு லிஃப்ட்டுதான் கண்ணுல படும்.

— வேற என்ன படும் பாப்பா? சோறு போடுறது அதுதானே. சரி, இந்த நாற்காலி நம்மளதா, ஹாஸ்டலோடதா?

— ஹாஸ்டலோடது. ப்பா, கொஞ்ச நேரம் உட்காருங்களேன். சாவியைச் சாயங்காலம் கொடுத்தா போதும்.

— உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும். நீ சொல்லு, நான் கட்டிக்கிட்டே கேக்குறேன்.

— நேத்து போன்ல, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும்தான் சொன்னேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்ல.

— கூப்பிட்டே. வந்துட்டேன்.

— லீவுக்கு இல்லப்பா. மொத்தமா வரேன். காலையில ஆபீஸ்ல போய் என் பேரை எடுத்துட்டேன்.

— எடுத்துட்டேன்னா?

— படிப்பை விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.

— இன்னிக்குக் காலையிலயா?

— ஆமா. நீங்க பஸ்ல வந்துட்டு இருக்கும்போது.

— ஒரு அரை நாள் பொறுத்திருக்கக் கூடாதா பாப்பா?

— பொறுத்தா, உங்க முகத்தைப் பார்த்ததும் மனசு மாறிடும். அதான் முந்திக்கிட்டேன்.

— திரும்பச் சேர முடியுமா?

— முதல்லேருந்து விண்ணப்பம் போடணும். இடம் கிடைச்சா முதல் வருஷத்துலேருந்து படிக்கணும்.

— ஏன் போறேன்னு அங்க யாராவது கேட்டாங்களா?

— என் நம்பரைக் கேட்டாங்க. சொன்னேன். கவுன்டர்ல இருந்தவங்க தலையைக்கூட நிமிர்த்தல. சீல் குத்திட்டு, அடுத்ததுன்னாங்க. எனக்குப் பின்னாடி நின்ன பையன் என்னை இடிச்சுக்கிட்டு முன்னாடி போனான். அவ்ளோதான்.

— ம்.

— இன்னும் இருக்குப்பா. நான் கிளாஸுக்குப் போறதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகுது. ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் போனேன். அதுக்கப்புறம் போகவே இல்ல.

— ம்.

— என்ன ம்? திட்டுங்களேன். திட்டுவீங்கன்னு ராத்திரி பூரா ஒத்திகை பார்த்து வச்சிருக்கேன்.

— திட்டி என்ன ஆகப் போகுது. நீ சொல்லு. முதல் தடவை ஏன் போகல?

— காய்ச்சல்ல படுத்திருந்தேனே, ஞாபகம் இருக்கா? அம்மாகூட ஒரு வாரம் வந்து இருந்தாங்களே.

— ஞாபகம் இருக்கு.

— அது சரியானதும் போனேன். வழக்கமா உட்கார்ற எடம். பக்கத்துல வழக்கமா உட்கார்ற பொண்ணு. முதல் வருஷம் பூரா அவ பக்கத்துலதான் உட்கார்ந்தேன். என் பேனாவை வாங்கி எழுதுவா, மூடியைக் கடிச்சுத் திருப்பிக் கொடுப்பா. அவ அன்னிக்கு என்னைப் பார்த்து, நீ புதுசா, எந்த டிபார்ட்மென்ட்டுலேருந்து வந்தேன்னு கேட்டா.

— விளையாட்டுக்குக் கேட்டிருப்பா.

— நெஜமாவே கேட்டாப்பா. நானும் ஆமா, புதுசுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? நான்தான் போன வருஷம் உனக்குப் பேனா கொடுத்தவள்னு சொல்லி அறிமுகம் பண்ணிக்கச் சொல்றீங்களா?

— அதுக்காகவா விட்டே?

— அதுக்காக இல்ல. மறுநாள் வேணும்னே போகல. யாராவது தேடுறாங்களான்னு பார்ப்போமேன்னு. யாரும் தேடல. இன்னொரு நாள் பார்ப்போம்னு இருந்தேன். சின்னப் பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு, யாரும் தேட வராம அங்கேயே தூங்கிடும் பாருங்க, அந்த மாதிரி. அப்புறம் வெளிய வரணும்னு நினைச்சப்போ பயமாயிடுச்சு. பாடம் எங்கேயோ போயிருந்துச்சு.

— எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்.

— தினமும் போன்ல கேப்பீங்களே, கிளாஸ் எப்படிப் போச்சுன்னு. நல்லாப் போச்சுன்னு சொல்லுவேன். சரி, சாப்பிட்டுப் படுன்னு வச்சுடுவீங்க. நீங்க இன்னொரு கேள்வி கேட்டா அழுதுடுவேன், எல்லாத்தையும் கொட்டிடுவேன்னு நினைப்பேன். நீங்க அந்த இன்னொரு கேள்வியைக் கேக்கவே இல்ல.

— கேட்டிருக்கணும்.

— அங்கிள், வாங்க, வாங்க. உள்ள வரலாமா? இந்தக் கெட்டில் உங்க பொண்ணோடது, என் மேசையிலயே குடித்தனம் பண்ணிட்டு இருந்துச்சு.

— நீயே வச்சுக்கம்மா. நீதான் இவகூட இந்த ரூம்ல இருக்கிற பொண்ணா?

— ஆமா அங்கிள். ஆனா நான் ரூமுக்கு வர்றது குளிக்கவும் தூங்கவும்தான். மத்த நேரம் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது.

— உனக்கு இந்த எடம் பிடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்கான்னா கேக்குறீங்க? நான் வளர்ந்த எடத்துல நான் தும்மினா எங்க சித்திக்குப் போன் போயிடும் அங்கிள். இங்க வந்து முடியை ஒட்ட வெட்டிக்கிட்டேன், ஏன்னு ஒரு ஆள் கேக்கல. காலையில கணக்கு, மத்தியானம் நாடகம், அதுக்கு நடுவுல எங்க மேடம். அவங்க எழுதின புத்தகத்தைத்தான் உலகம் பூரா படிக்கிறாங்க. அவங்க ரூம் வாசல்ல போய் நின்னேன், உள்ள வா, உட்காருன்னாங்க. சின்ன காலேஜ்ல அப்படி ஒருத்தர் கிடைப்பாங்களா?

— நீயா போய் நின்னியா?

— பின்ன? யார் கூப்பிடுவாங்க? இங்க கதவு நிறைய இருக்கு அங்கிள். நாமதான் தட்டணும். நாலு கதவு திறக்காது. அஞ்சாவது திறக்கும்.

— எல்லாருக்கும் உங்களை மாதிரி தட்ட வராதுக்கா.

— தெரியுது குட்டி. இப்பத்தான் தெரியுது. அங்கிள், இவ தினமும் எனக்கு முன்னாடியே பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவா. நான் போர்வைக்குள்ளேருந்து பார்த்துட்டு, எவ்வளவு ஒழுங்கான பொண்ணுன்னு நினைப்பேன். எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. எனக்கு அது ஒரு மாதிரியா இருக்கு.

— உன்மேல ஒண்ணும் தப்பு இல்லம்மா.

— நீங்க சொல்லுவீங்க. சரி, எனக்கு ஒத்திகைக்கு நேரமாச்சு. குட்டி, போன் பண்ணு. சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல. பண்ணு.

— பண்றேன்க்கா.

— கதவைச் சாத்திட்டு வா பாப்பா. நல்ல பொண்ணா இருக்கா.

— ரொம்ப நல்லவங்க. போன வாரம்தான் என் ஊர் எதுன்னு கேட்டாங்க.

— பையை மாட்டிக்கிட்டு எங்கதான் போனே நீ?

— முதல்ல லைப்ரரி. மேல் மாடியில யாரும் வராத ஒரு மூலை இருக்கு, ஜன்னலோரம். அப்புறம் வேற வேற கட்டடம். கட்டடக்கலைப் பசங்க படம் வரையுற ஹால்ல போய் உட்கார்ந்தேன், யாரும் யாருன்னு கேக்கல. பேப்பர்கூடக் கொடுத்தாங்க. நட்சத்திரத்தைப் பத்திச் சொல்ற கிளாஸ் ஒண்ணு. மிருக வைத்தியம் படிக்கிறவங்க ஒரு குதிரையோட எலும்புக்கூட்டைச் சுத்தி நின்னாங்க, நானும் நின்னேன். அந்த மாதிரி நாளெல்லாம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுப்பா. பொய் சொல்ல மாட்டேன். போகாத எடத்துல ஏன் வரலைன்னு கேக்க ஆள் இல்ல, போன எடத்துல ஏன் வந்தேன்னு கேக்கவும் ஆள் இல்ல.

— அப்போ இந்த எடத்துமேல உனக்குக் கோபம் இல்லையா?

— எடத்துமேல என்ன கோபம். அது கடல் மாதிரி கெடக்கு. நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு அள்ளிக் கொடுக்குது. எனக்குக் கரையில நின்னு ஒருத்தர் பார்த்துட்டு இருந்தாத்தான் நீச்சல் வரும். அது இங்க வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

— உனக்கு முன்னாடியே தெரியும். நீ சொன்னே. நம்ம வீட்டுப் பக்கத்துக் காலேஜ்ல இடம் கிடைச்சப்போ, அங்கயே போறேன்ப்பான்னு எத்தனை தடவை சொன்னே. முப்பது பேர் கிளாஸ். அந்த டீச்சரம்மா இன்டர்வியூலயே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு குதிச்சுக்கிட்டு வந்தே. நான்தான் காதுல வாங்கல.

— பெரிய யுனிவர்சிட்டின்னா பெரிய வேலை கிடைக்கும்னு நினைச்சீங்க. எல்லா அப்பாவும் நினைக்கிறதுதான்.

— வேலைக்காக இல்ல பாப்பா. நான் அந்த மாதிரி சின்ன காலேஜ்லதான் சேர்ந்தேன். உனக்குச் சொன்னதில்ல.

— நீங்க காலேஜுக்குப் போனீங்களா?

— போனேன். கிளாஸ்ல இருபது பேர்கூட இல்ல. வாத்தியாருங்க எல்லாருக்கும் எங்கப்பாவைத் தெரியும். நான் லேட்டா வந்தா, சட்டை கசங்கியிருந்தா, யார்கூடயாவது சிரிச்சுப் பேசினா, எல்லாம் நான் வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருக்கும். ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆனேன். எங்கப்பா நேரா கிளாஸுக்கே வந்தாரு. எல்லாருக்கும் முன்னாடி எழுந்திருக்கச் சொல்லி, ஏன்டா, என்னடா பண்ணிட்டு இருக்கேன்னு கேட்டாரு. வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. அன்னிக்கு வெளிய வந்தவன்தான். திரும்பிப் போகல.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியும். உன் அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாத எடத்துல நீ படிக்கணும்னு நினைச்சேன். அங்க தப்புப் பண்ணினாக்கூட அது உன்னோட தப்பா மட்டும் இருக்கும். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்க. எனக்கு மூச்சு முட்டுச்சுங்கிறதுக்காக, உன்னை ஆளே இல்லாத எடத்துல கொண்டுவந்து விட்டுட்டேன்.

— ஆள் நிறைய இருந்தாங்கப்பா. அதான் கஷ்டம்.

— ஆமா. நீ சொல்றதுதான் சரி.

— உங்களுக்குத் தேவைப்பட்டது எனக்குக் கிடைச்சுது. எனக்குத் தேவைப்பட்டது உங்களுக்குக் கிடைச்சிருக்கு. மாத்திக்க முடியல. அழாதீங்கப்பா.

— அழல. தூசி. இந்தப் பரண்ல எத்தனை வருஷத்துத் தூசி இருக்கோ.

— ஒண்ணுதான் என்னால தாங்க முடியல. நானூறு பேர் உட்கார்ற ஹால். வருஷம் முடியப் போகுது. நான் உள்ள இருக்கேனா, இல்லையான்னு ஒருத்தர் கண்ணுக்குக்கூடப் படல. இதை அந்தக் கவுன்டர்ல நிக்கும்போது நினைச்சேன். அப்புறம் யோசிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.

— ஒருத்தன் கண்ணுக்குப் பட்டுச்சு.

— யாரு?

— உன் பிறந்தநாளைக்கு நான் வந்தேன் பாப்பா. சொல்லாம வந்து நிக்கணும்னு ஆசை. உங்க கிளாஸ் எங்கன்னு விசாரிச்சு, உள்ள போய், கடைசி வரிசையில உட்கார்ந்தேன். கிளாஸ் முடியுற வரைக்கும் ஒவ்வொரு தலையா பார்த்தேன். நீ இல்ல. ராத்திரி போன் பண்ணினேன். கிளாஸ் நல்லாப் போச்சுன்னு சொன்னே.

— அப்பா.

— அடுத்த வாரம் ஒருவேளை நீ வருவேன்னு தோணுச்சு. உங்க கிளாஸ் நடக்குற செவ்வாய்க்கிழமைக்கு என் வார லீவை மாத்திக்கிட்டேன். விடியக்காலை பஸ் ஏறினா பத்து மணிக்கு வந்துடலாம். வாரா வாரம் வந்து உட்கார்ந்தேன்.

— வாரா வாரமா? ஹாஸ்டல் இங்க பக்கத்துலதானே இருக்கு. மேல வந்து என்னைக் கேக்க வேண்டியதுதானே?

— எங்கப்பா கேட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன். நீயா சொல்லுவே, நீயா அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வருவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். காத்திருந்ததுதான் தப்புன்னு இன்னிக்குத் தெரியுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீ இன்னிக்குக் காலையில அங்க போய் நின்னிருக்க மாட்டே.

— உங்களை யாரும் வெளிய போகச் சொல்லலையா? எங்க சார் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாரே. மைக்கைப் பார்த்துப் பேசிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. அவருக்கு நாங்க எல்லாம் வெறும் நம்பர்தான்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். போன செவ்வாய்க்கிழமை கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனதும், படியேறி மேல வந்து, என் பக்கத்து சீட்டுல உட்கார்ந்தாரு. நான் யாருன்னு சொல்லக்கூட இல்ல பாப்பா, என் முகத்துல உன் ஜாடையைப் பார்த்திருப்பாரு போல, அவரே உன் பேரைச் சொல்லி, பொண்ணு இன்னிக்கும் வரலையான்னு கேட்டாரு.