எண்ணெய்த் தோளில் ஏறிய பாங்கா

ஆண்டவனுக்கும் அரசருக்கும் முதல் வணக்கம். அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் ஃபினாவு அவர்களே, காவாக் கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அண்ணன் தம்பி பிள்ளைகளை அதட்டி ஆளும் அத்தைமார்களே, தாய்மார்களே, வாசலில் பன்றிகளை விரட்டிக்கொண்டே என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் இளைஞர்களே!

மூன்று நாள் அமர்ந்து, ஏழு கிண்ணம் காவா அருந்தி, இருமுறை ஜெபம் செய்து, நமது ஊர்க்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. டோங்கா நாடு இனி இதற்கு முன், இதற்குப் பின் என்று பிரித்துப் பேசப்படும். தீர்மானம் இதுதான்: "இன்று ஆடும் பெண்ணின் மேல் நோட்டு மட்டுமே ஒட்டலாம், காசு ஒட்டக் கூடாது." ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஐந்து. கைதட்டுங்கள். எதிர்த்தவர்களும் தட்டலாம், தடையில்லை.

ஏன் இந்தத் தீர்மானம்? விடை நம் பணத்தின் வரலாற்றில் இருக்கிறது.

பவுன் இருந்தது, ஷில்லிங் இருந்தது, பென்னி இருந்தது. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். இதைப் புரிந்துகொண்டவர் வாத்தியார் ஆனார். புரியாதவர்களை நம்பி மற்றவர் கடை வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் விடிந்தது! நூறு செனிட்டி ஒரு பாங்கா! பாங்கா என்றால் என்ன? கொடியில் காய்க்கும் விதை! வட்டமான விதை, வழவழப்பான விதை, நம் பிரபுக்கள் பாயில் எறிந்து பந்தயம் விளையாடிய விதை! மற்ற நாடுகள் பணத்துக்கு எடைக்கல்லின் பெயரை வைத்தன; நாம் விளையாட்டுச் சாமானின் பெயரை வைத்தோம். எது நேர்மை? நீங்களே சொல்லுங்கள்!

அந்த ஆண்டு நம் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மழைத்தொட்டி கட்டப் பத்து மூட்டை சிமெண்ட் வேண்டும். கப்பல்காரர் விலிசோனி வந்து நின்றார். பக்கத்துத் தீவில் பத்து மூட்டைக்குப் பணம் வாங்கி ஆறு மூட்டை இறக்கிய உத்தமர்.

"புதுப் பணம் குடுத்தா மூட்ட. இல்லன்னா மத்தியானம் அலை ஏறினதும் கெளம்பிடுவேன்" என்றார்.

ஊருக்கு வந்திருந்த புதுப் பணம் எல்லாம் காசு. நோட்டு ஒன்றுகூட இல்லை.

காசைக் கூடையில் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்கிறார் பின்வரிசையில் ஒருவர். யாரப்பா அது? எந்த ஊர்? ஊருக்குக் கொடுப்பதை ஆடுகிற பெண்ணின் தோளில் ஒட்டாமல் கூடையிலா போடுவது? நாம் என்ன மீனா வாங்குகிறோம்?

ஆகவே நம் ஊர்ப் பெண் வைமோவானா ஆடினாள். நோட்டு ஒட்டப் பூசும் எண்ணெய் மின்னும் தோளில் ஊரே காசை வைத்தது. வைத்த காசு வழுக்கியது, விழுந்தது, உருண்டது, பாயைத் தாண்டியது, பன்றியைப் பார்க்கப் போனது.

எழுந்தார் அவள் அத்தை மெலெனைதே. "நிறுத்துங்கடா பாட்ட! எண்ணெயத் தொடச்சிட்டு சீமைப்பலாப் பிசினக் கொண்டாங்க."

"அத்தை, அது படகு ஓட்டைய அடைக்கிறது."

"உன் வாயையும் அடைக்கும். கொண்டாடா."

ஒட்டியது! தோளில் ஒட்டியது, கையில் ஒட்டியது, கழுத்தில் ஒட்டியது! பத்து மூட்டையின் விலை பகல் வெயிலில் பளபளத்தது. ஆட்டம் முடிந்தது, காசு தோளை விட்டு வரவில்லை. கழுவினார்கள், இழுத்தார்கள், ஜெபித்தார்கள். அலையோ ஏறுகிறது. வைமோவானா நேராகத் துறைக்கு நடந்தாள்.

"என்னம்மா இது, பணமா கவசமா?" என்றார் விலிசோனி.

"எண்ணிக்கோங்க மாமா."

"சரியாத்தான் இருக்கு. எடுத்துக் குடு."

"மொதல்ல மூட்டைய எறக்குங்க."

"பணம் கைக்கு வராம எப்படி எறக்கறது?"

"பணம் எங்க ஓடிடப் போகுது? ஒட்டிக்கிட்டில்ல இருக்கு. வேணும்னா நீங்களே பிச்சு எடுங்க. அத்தை பக்கத்துலதான் நிக்கிறாங்க."

விலிசோனி அத்தையைப் பார்த்தார். மூட்டைகள் இறங்கின. ஆறு அல்ல, எட்டு அல்ல, பத்தும் இறங்கின! பத்தாவது மூட்டை மணலைத் தொட்டதும், அத்தை இடுப்பில் சுற்றியிருந்த பாயிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தடவினார். காசெல்லாம் கழன்று விழுந்தது.

"எண்ணெய் போட்டா வரும்னு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"தெரியாம? படகுக்காரன் பொண்ணுடி நான்."

பெரியோர்களே! பணத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அச்சிட்ட காகிதத்திலிருந்தா? அடித்த உலோகத்திலிருந்தா? இல்லை, இல்லை! நம் பாங்காவுக்கு மதிப்பு வந்தது அந்தத் துறையில், அந்தத் தோளில், அந்த அத்தையிடமிருந்து!

வைமோவானாவின் தோள் மூன்று வாரம் உரிந்தது. அதனால்தான் இந்தத் தீர்மானம். அவள் கட்டித் தந்த தொட்டியில் இப்போது விரிசல். அதை அடைக்கத்தான் இன்று அவளுடைய தம்பி மகள் ஆடுகிறாள்; சிமெண்ட் கப்பல் நாளை சனிக்கிழமை மத்தியானம் வரைதான் நிற்கும். செவிகொடுத்த சபைக்கும், குறுக்கே பேசிய பின்வரிசைக்கும் என் நன்றி. எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

தலைவர் ஒரு சீட்டுத் தந்திருக்கிறார், வாசித்துவிடுகிறேன். தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு, ஊரில் இருந்த பணம் முழுவதும், எல்லாம் காசு என்பதால், நோட்டாக மாற்றிவர நேற்றே நகரத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அந்தப் படகு திங்கட்கிழமை திரும்பும்.